சேரன் நம்பருக்குப் போன அலர்ட்

— இருங்கம்மா, கதவச் சாத்தாதீங்க. சேரன் வீடு இதான? கிள்ளைல பஸ் எறங்கினதுலருந்து விசாரிச்சுகிட்டே வர்றேன். நான் இசைவாணி. அவரு வேலை பாக்கற கம்பெனி. பாண்டிச்சேரி ஆபீஸு.

— ஆபீசா? உள்ள வா பாப்பா. இரு, நாற்காலியத் தொடைக்கறேன். புயலுல ஓடு பூரா போயிடுச்சு.

— உக்கார நேரமில்லம்மா. உங்க புள்ளயக் கூப்பிடுங்க.

— வெளிய போயிருக்கான்.

— போன் அடிக்குது, எடுக்கவே மாட்டேங்கறாரு. அதான் நேர்லயே வந்தேன்.

— கடலூர் போயிருக்கான். வந்துடுவான். டீ போடவா?

— டீயெல்லாம் வேணாம்மா. சிதம்பரத்துல ஒரு ஸ்கேன் சென்டரு. நோயாளிங்க ஸ்கேன் படம் அத்தனையும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டில இருக்கு. உள்ள நாலஞ்சு டிஸ்க்கு. ஒண்ணு கெட்டா மத்தது தாங்கும். ஆனா சேரன் உடனே போயி புதுசு மாத்திடணும், அதான் அவரு வேலை. சரிங்களா?

— அதான் மாத்துவானே. மஞ்சப் பையில எடுத்துகிட்டு ஓடுவான்.

— மாத்தலயே! புயலுக்கு அப்புறம் கரண்டு ஏறி எறங்கி, டிஸ்க்கு ஒண்ணொண்ணா போயிருக்கு. கெட்டா அவரு செல்லுக்கு மெசேஜ் போற மாதிரி நான்தான் செட் பண்ணேன். 'ஓகே'ன்னு பதில் வந்தா அவரு பாத்துக்கறாருன்னு அர்த்தம், மெசின் வேற யாரையும் கூப்பிடாது. பதில் வரலன்னாதான் எனக்கு வரும். வந்திருந்தா நானே கெளம்பி வந்திருப்பேன். இவரு எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு ஓகே போட்டுட்டு, அந்தப் பக்கமே போவல.

— இப்ப என்னாச்சு?

— எல்லாம் போச்சும்மா. இன்னிக்குக் காலைல மொத்தமா நின்னுடுச்சு. கேன்சர்காரங்க படமெல்லாம் இருந்துச்சு. பழசப் பாத்தாதான் கட்டி வளந்துச்சா கொறஞ்சுதான்னு டாக்டருக்கே தெரியும். அங்க ஒரு பொம்பள தலைல அடிச்சுகிட்டு அழுவுது. என்னால பாக்க முடியல.

— மாதாவே.

— மேனேஜர் போலீசுக்குப் போறேங்கறாரு. சேரன் வேணும்னே பண்ணாருன்னு என்னை எழுதித் தரச் சொல்றாரு. எனக்கு மனசு வரல. மூஞ்சி பாத்ததில்ல, ஆனா போன்ல மரியாதையா பேசுவாரு. 'வந்துகிட்டே இருக்கேன் மேடம்'பாரு. ஒரு வார்த்தை அவரு வாயால கேட்டுடலாம்னு வந்தேன்.

— அவன் மேல கேசு போடாத பாப்பா. என் மேல போடு.

— நீங்க என்னம்மா பண்ணீங்க?

— ஓகே போட்டது நான்.

— நீங்களா? உங்களுக்கு இங்கிலீஷு படிக்கத் தெரியுமா?

— தமிழே தெரியாது. சேரன்தான் செல்லுல எந்தெந்தப் பட்டன அமுக்கறதுன்னு காட்டிக் குடுத்தான். சோறு துன்னுகிட்டு இருப்பான், செல்லு கத்தும். 'எம்மா, ஓகே போடு, கெளம்பிட்டேன்'பான். நான் போடறதுக்குள்ள சட்டய மாட்டிகிட்டு ஓடிடுவான்.

— அவரு இல்லாதப்பவும் போட்டீங்களா? புயலுலருந்து இந்த ஊர்ல கரண்டே இல்லயே, செல்லுக்கு எப்படி சார்ஜு?

— மாதா கோவில்ல ஜெனரேட்டர் ஓட்டறாங்க. தெனம் கொண்டுபோயி போட்டு வாங்கியாருவேன். அணைய வுட்டதில்ல.

— எதுக்கும்மா இந்தப் பாடு? சேரன் நெசமாவே கடலூர்தான் போயிருக்காரா?

— இல்ல பாப்பா.

— பின்ன எங்க? மறைக்காம சொல்லுங்கம்மா.

— புயலன்னிக்கு, படகு அறுத்துகிட்டுப் போவுதுன்னு கட்டப் போனான். செல்லு நனையும்னு என் கையில குடுத்துட்டுப் போனான். கழில தண்ணிக்குள்ள நிக்கற சுரபுன்னைக் காடு பூரா தேடிட்டாங்க. படகு மட்டும்தான் கெடச்சுது.

— ஐயோ, அம்மா... அன்னிக்கே ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— சொன்னா அவன் எடத்துல வேற ஆளப் போட்டுடுவீங்களே. எம்புள்ள வந்து நிக்கறப்ப அவன் வேலை அவனுக்கு இருக்கணும்ல பாப்பா?