பட்டாணி அளவு

நான் ஊசி குத்தினால் வலிக்காது ஐயா. ஒருவர் கொட்டாவி விட வாயைத் திறந்தார். மூடுவதற்குள் ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். அதனால்தான் ஓய்வு பெற்ற பிறகும் பரிசோதனைக் கூடத்தில் என்னை விடவில்லை. காலையில் வீடு வீடாகப் போய் வெறும் வயிற்று ரத்தம் எடுத்து வருவேன்.

என் மனைவிக்கும் நான்தான் எடுப்பேன். கொழுப்பு கொஞ்சம் கூடுதல். மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. அவள் அக்காவின் கணவர், அதாவது என் சகலை, ஒரு நாள் வந்தார். மாத்திரையெல்லாம் கம்பெனிக்காரன் பிழைப்பதற்கு, தினம் பட்டாணி அளவு அபின் போட்டால் கொழுப்பு கரைந்து ஓடிவிடும் என்று சொல்லி, ஓர் உருண்டையும் கொடுத்துவிட்டுப் போனார். அவரும் போடுகிறவர்தான். இவள் அத்தான் பேச்சைத் தட்டாதவள்; மாத்திரையை நிறுத்திவிட்டு உருண்டைக்கு மாறினாள். கொழுப்பு கரையவில்லை, ஏறியது. சொன்னேன், அதற்குள் அவளால் விட முடியவில்லை. உருண்டையை ஒளித்தால் காலைப் பிடித்து அழுவாள். ஒரு நாள் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு சாய்ந்தாள். மாரடைப்பு.

சாவு வீட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு சகலை சொன்னார்: "அவ அளவு தவறிட்டா, பாவம்."

ஆனாலும் அவருக்குள் பயம் புகுந்துவிட்டது. தன் ரத்தத்தையும் பார்க்கச் சொன்னார். ஊசியைக் கண்டால் மயக்கம் வரும் மனிதர்; சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கையை நீட்டினார். அந்த ரத்தத்தைச் சாக்கடையில் ஊற்றினேன். ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்து என் கையில் கட்டி, என் ரத்தத்தை அவர் பெயரில் அனுப்பினேன். நான் அரை வயிறு சாப்பிட்டு ஊரெல்லாம் நடக்கிறவன். என் ரத்தம் ஊற்றுத் தண்ணீர் மாதிரி.

"சகலை, உங்க ரத்தம் பச்சக் குழந்தை ரத்தம் மாதிரி இருக்கு," என்றேன்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல. நீங்கதான் நம்பல."

முடிவுத் தாளுக்குக் கண்ணாடி போட்டு, கல்யாணப் படத்தைக் கழற்றிய ஆணியில் மாட்டினார். அதன் பிறகு எந்த டாக்டர் வீட்டு வாசலையும் அவர் மிதிக்கவில்லை. பட்டாணி, கொண்டைக்கடலை ஆனது. கொண்டைக்கடலை, நெல்லிக்காய் ஆனது. அவர் கேட்கும்போதெல்லாம் என் கையில் பட்டை கட்டினேன். ஒரு நாள் நெஞ்சை அடைக்கிறது என்றார்.

"வாயுவா இருக்கும் சகலை. கொஞ்சம் படுங்க."

படுத்தார். போர்வையை நான்தான் இழுத்துப் போர்த்திவிட்டேன். அறுத்துப் பார்த்த டாக்டர் அந்த இருதயத்தையும் பார்த்து, சுவரிலிருந்து நீங்கள் எடுத்துப்போன தாளையும் பார்த்ததால்தானே என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தீர்கள். கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கடைசிக் காலத்தில் அவருக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று, சாயங்காலம் அவர்கூட உட்கார்ந்து நானும் அரைப் பட்டாணி போட்டுக்கொள்வேன். பழக்கமெல்லாம் இல்லை. நேற்று எடுத்த என் ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கம் என்கிறார் உங்கள் டாக்டர். எடுத்தவன் கை சரியில்லை, எனக்கு வலித்தது. அந்த அரைப் பட்டாணிக்கு மட்டும் ஓர் ஏற்பாடு செய்ய முடியுமா ஐயா? எனக்கு அளவு தெரியும்.

அவள்தான், பாவம், அளவு தவறிவிட்டாள்.