வெல்டர் மடியில் ரேஸ் கார் ஸ்டீரிங்

எண்பதுகளில் ஒரு சனிக்கிழமை காலை, தாம்பரம் போகும் மின்சார ரயில். எதிர் சீட்டில் வெல்டர் ஒருவர், ரேஸ் காரின் சின்ன ஸ்டீரிங்கை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் அந்தக் காரை ஓட்டும் இளைஞர்.

“ஸ்டீரிங்கைக் குடுங்கண்ணா. நாளைக்கு ரேஸ்.”

“குட்த்தா, பட்டறைலேந்து வண்டிய எட்த்துக்கினு பூடுவ. அதான் கழட்டி கையோட வெச்சிகினு கீறேன். பெட்ரோல் டேங்க் எங்க கீது, சொல்லு?”

“முட்டிக்கு மேல. எல்லா வண்டியிலயும் அங்கதானே?”

“முன்னாடி இட்ச்சா பெட்ரோல் மொத்தமும் உன் மேலதான் கொட்டும். சீட்டுக்குப் பின்னாடி மாத்தணும்.”

“நான் எங்கயும் இடிக்கமாட்டேன்.”

“முன்னாடி போறவன் குறுக்க நின்னா?”

“அங்க வெச்சதே நீங்கதானே!”

“ஆமா. போன ரேஸ்ல ஒர்த்தனுக்குக் கால் வெந்துச்சே, அந்த டேங்கும் நான் வெச்சதுதான்.”

குரோம்பேட்டை தாண்டியதும் இளைஞர் கேட்டார்.

“சாயந்தரத்துக்குள்ள முடியுமாண்ணா?”

“வெச்சவனுக்கு எடுக்கத் தெரியாதா? எழுந்திரு, தாம்பரம் வந்துச்சு.”

எழும்போது ஸ்டீரிங்கை இளைஞரிடம் கொடுத்துவிட்டார்.