குடுவை தனியாகப் போகும்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் யாரும் தான் படித்த வேலையைப் பார்ப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா. நடுவில் ஆச்சரியப்பட்டு நீங்கள் காபியைச் சட்டையில் கொட்டிக்கொள்ள வேண்டாம். எங்கள் இயந்திரத்துக் காபியின் கறை போகாது. ருசியும் கிடையாது, அது வேறு விஷயம்.

இயக்குநர் வெலிஸாரையே எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்ச் செல்களைப் பற்றி நாலு மொழியில் பேசுவார். ஆனால் இதற்கு முன் ராணுவத்தில் குதிரை வைத்தியர். இன்றைக்கும் யாராவது தலைவலி என்று போய் நின்றால் முதலில் பல்லைத்தான் பார்க்கிறார். புள்ளிவிவரம் பார்க்கும் கலீனா, கால்பந்துப் பந்தயக் கடையில் உட்கார்ந்து எந்த அணி ஜெயிக்கும் என்று விலை போட்டவள். புது மருந்து பலிக்குமா என்று பேராசிரியர்கள் கேட்டால், "என் காசா இருந்தா வைக்க மாட்டேன்" என்பாள். பெரும்பாலும் அவள் சொன்னபடிதான் ஆகும். நோயாளிகளின் ரத்தமும் திசுவும் உறைந்து கிடக்கும் நாலாம் மாடிக் காப்பகத்துக்குப் பொறுப்பு ரதோஸ்தின். அவன் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். பெட்டியிலிருந்து ஒரு குப்பியை வெளியே எடுத்தால் அதையும் வெளிச்சம் பார்த்துத் திருப்பித்தான் பிடிப்பான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரியும். புதிதாக வருகிறவர் முதல் வாரத்தில் விருந்து வைக்க வேண்டும் என்பது எங்கள் ரூசே ஊர் வழக்கம். பாலாடைக்கட்டி வைத்த பானிட்சா ரொட்டி சூடாக வேண்டும், ராக்கியாச் சாராயம் யாராவது வீட்டில் வடித்ததாக இருக்க வேண்டும், கூடவே முன்பு எங்கே என்ன செய்தோம் என்ற கதையும் வேண்டும். கதை இல்லாமல் வைத்த விருந்து எங்களுக்கு ஜீரணமாகாது.

என் விருந்தில் நானும் சொன்னேன். வடமேற்கே ஓர் அரசு நிறுவனத்தில் பாதுகாப்பு வேலை என்றேன், அவ்வளவுதான். வடமேற்கே பெரிய அரசு நிறுவனம் என்றால் இந்த நாட்டில் அணுமின் நிலையம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். மீதியை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். "ஸ்னெஷானா அக்கா கதிர்வீச்சுல நின்னவங்கப்பா. அவங்களுக்கெல்லாம் சளி கூடப் பிடிக்காது," என்று கலீனா ஊற்றிக் கொடுத்தாள். நான் மறுக்கவில்லை. சாப்பிடும்போது பேசாதே என்று என்னை வளர்த்தார்கள். அப்புறம் நான் படியில் ஏறிவந்தால் பேராசிரியர்களே ஒதுங்கி வழிவிட ஆரம்பித்தார்கள். அதையும் நான் கேட்டு வாங்கவில்லை.

என் வேலை பாதுகாப்பு. புதிதாக வருகிறவர்களை உட்காரவைத்து, இங்கே எது எது உங்களைக் கொல்லும் என்று சொல்லிக்கொடுப்பது. அதில் முக்கியமானது நைட்ரஜன் குடுவை.

எங்கள் கட்டடம் பழைய பிஸ்கட் தொழிற்சாலை. திரவ நைட்ரஜன் தொட்டி கீழே முற்றத்தில் இருக்கிறது, காப்பகம் நாலாம் மாடியில். தினமும் ஆளுயரத்தில் பாதி இருக்கும் சக்கரக் குடுவையில் அதை நிரப்பி, மாவு மூட்டை ஏற்றின பழைய சரக்கு லிஃப்டில் மேலே அனுப்ப வேண்டும். குடுவைக்கு இறுக்கமான மூடி போட முடியாது, போட்டால் வெடிக்கும். சாய்ந்து கொட்டினால் கொஞ்ச நேரத்தில் கூண்டு முழுக்க வெறும் நைட்ரஜன். வாசனை இருக்காது. மூச்சு முட்டாது. உள்ளே இருப்பவருக்கு எதுவும் குறைகிறது என்றே தோன்றாது, அப்படியே மயங்கிப் போய்ச் சேர்ந்துவிடுவார். அதனால் குடுவை தனியாகப் போகும். நாம் பொத்தானை அமுக்கிவிட்டுப் படியேறுவோம். யாரும் ஏறாமல் இருக்கக் குறுக்கே ஒரு சங்கிலி, அதில் ஓர் எச்சரிக்கை அட்டை. "அது மாப்பிள்ளை மாதிரி லிஃப்டுல போவுது, நாம வாத்தியக்காரன் மாதிரி பின்னாலயே நடக்கிறோம்," என்று ரதோஸ்தின் தினமும் புலம்புவான். ஆனால் நடப்பான். இந்தத் தொழிலில் இருந்தவன் எவனும் குடுவையோடு லிஃப்டில் ஏற மாட்டான். ஏறினால் அவன் இந்தத் தொழிலில் இருந்தவன் இல்லை. இதைவிடச் சுலபமான பரீட்சை கிடையாது.

இனி டாக்டர் லூபெனுக்கு வருகிறேன்.

துணை இயக்குநராக வந்தார். நல்ல உயரம், நல்ல கோட்டு, காலணியில் மட்டும் கொஞ்சம் கஞ்சத்தனம். விருந்துக்குக் கடையில் வாங்கின சாக்லேட் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்தார். பகலில் குடிப்பதில்லை என்றார். சரி, கதையாவது வரும் என்று காத்திருந்தோம்.

"ட்ரியெஸ்தேல ஒரு திசுக் காப்பகத்துல ஆறு வருஷம் இருந்தேன்," என்றார்.

"அப்புறம்?" என்றாள் கலீனா.

"அப்புறம் இங்க வந்துட்டேன்."

"ஆறு வருஷத்துல ஒரு காதல் இல்ல, ஒரு சண்டை இல்ல? கடல் இருக்கிற ஊரு டாக்டர் அது."

"வேலை பாக்கத்தான் போனேன் கலீனா."

கலீனா என் பக்கம் குனிந்து, "இந்தாள் ட்ரியெஸ்தேவை வரைபடத்துலதான் பாத்திருப்பாரு, அக்கா," என்றாள். அவள் கணிப்பு தப்பாது என்று முன்பே சொன்னேன். சந்தேகத்தை ஆரம்பித்தது நான் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அவருக்குப் பாதுகாப்புப் பாடம் எடுத்தாயா என்று கேட்டீர்கள். எடுக்கவில்லை. ஆறு வருடம் காப்பகம் நடத்தினவரை உட்காரவைத்து, குடுவை சுடாது, உறைய வைக்கும் என்று சொல்வது மரியாதையா? பிராணவாயு குறைந்தால் அலறும் சின்னக் கருவி ஒன்றை எல்லாரும் சட்டையில் மாட்டிக்கொள்கிறோம். அதையும் அவருக்குத் தரவில்லை. சொந்தமாக வைத்திருப்பார் என்று நினைத்தேன். பெரிய மனிதர்களிடம் நான் எப்போதும் இப்படித்தான்.

இரண்டு வாரம் கழித்து அவர் எல்லாரையும் கூட்டினார். நிதி குறைகிறதாம், ஆட்களைக் குறைக்க வேண்டுமாம். "யாரு எங்க இருந்து வந்தீங்கன்னு எனக்குச் சரியாத் தெரியணும். பழைய இடத்துக்கெல்லாம் நானே ஃபோன் போட்டுக் கேக்கப்போறேன். சொன்னது ஒண்ணு, இருந்தது ஒண்ணுன்னா அவங்க இங்க இருக்க முடியாது," என்றார். கூட்டம் முடிந்ததும் ரதோஸ்தினுக்கு வியர்த்துவிட்டது. "கல்யாண மண்டபத்துக்கெல்லாமா ஃபோன் போடுவாரு? பாதிப் பேரு விவாகரத்து ஆயிட்டாங்க அக்கா," என்றான். நான் அவனைத் தேற்றினேன். எனக்காக நான் பயப்படவே இல்லை. ஓய்வூதியத்துக்குச் சில வருடங்கள்தான் பாக்கி, இந்த வயதில் வேறு யாரும் வேலை தரமாட்டார்கள், வங்கிக் கடன் இருக்கிறது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் நினைத்தது மற்றவர்களைப் பற்றி.

வியாழக்கிழமை நடையில் என்னை நிறுத்தினார். சிரித்த முகம்தான்.

"ஸ்னெஷானா அம்மா, என் மச்சான் உங்க அணுமின் நிலையத்துலதான் இருக்கான், தெரியுமா? இருபது வருஷமா."

"அப்படியா? நல்ல இடம்," என்றேன்.

"அவனுக்கு உங்களை ஞாபகமே இல்லையாம்."

"பெரிய இடம் டாக்டர்."

"அதான் நானும் சொன்னேன். திங்கக்கிழமை ஆபீஸ்ல விசாரிச்சுச் சொல்றேன்னான்." தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். தட்டினது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்காக ஒன்றும் செய்யவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் லிஃப்டின் சங்கிலியையும் அட்டையையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அழுக்காக இருந்தன. சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன், பளிச்சென்று ஆகிவிட்டன.

வெள்ளிக்கிழமை காலையில் ரதோஸ்தின் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தான். நான் அவனைக் காபி வாங்கி வர அனுப்பினேன், இயந்திரத்துக் காபி வேண்டாம், தெருமுனைக் கடையிலிருந்து என்றேன். பிறகு டாக்டரிடம் போய், மேலே காப்பகத்தில் நைட்ரஜன் குறைகிறது, குடுவையைக் கொண்டுபோக ஆளில்லை என்றேன். அவர் உடனே கோட்டைக் கழற்றினார். "இதுக்கு எதுக்கு ஆளு? அங்கெல்லாம் நாங்களே செஞ்சுப்போம்," என்றார். எனக்கு அப்போது அவர் மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. படியேறப்போகிறார், நம் சந்தேகம் தீரப்போகிறது என்று நினைத்தேன்.

குடுவையை உள்ளே தள்ளினார். பின்னாலேயே தானும் ஏறினார். கதவு மூடியது.

என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? பொய்க்காரன் அகப்பட்டான் என்றுதானே. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டே மூன்றாம் மாடிக்குப் படியேறினேன். அந்த லிஃப்ட் மாடு மாதிரி ஏறும், யாரும் முந்திவிடலாம்.

அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது. பழைய லிஃப்ட், அடிக்கடி நிற்கும். குலுங்கி நின்றதில் குடுவை சாய்ந்த சத்தம் கேட்டது.

"யாராவது இருக்கீங்களா? நின்னுடுச்சு," என்று உள்ளிருந்து கூப்பிட்டார்.

"இங்கதான் இருக்கேன் டாக்டர். கொஞ்சம் பொறுங்க."

"குடுவை வேற கவுந்து போச்சு. காலெல்லாம் புகை."

"அது அப்படித்தான். ட்ரியெஸ்தேல இப்படி ஆனா என்ன பண்ணுவீங்க டாக்டர்?"

சிரித்தார். நல்ல சிரிப்புதான், விருந்தில் அப்படிச் சிரித்திருக்கலாம். "அங்க லிஃப்டே நிக்காது, அம்மா," என்றார். அப்புறம் ஏதோ மெதுவாகச் சொன்னார், காதில் விழவில்லை. அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஆளுக்கு எப்போதுமே பேச்சு குறைவு என்று நினைத்துக்கொண்டேன். ரதோஸ்தின் காபியோடு திரும்பி வந்தான், கீழே என்னைத் தேடிக் கூப்பிட்டான். அதுவரை அங்கேயே நின்றேன்.

அடக்கத்துக்கு ட்ரியெஸ்தேயிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அழுதார்கள். அதில் ஒரு பெண்ணிடம் கலீனா எப்படியோ பேச்சுக் கொடுத்தாள், எல்லாம் மொழிபெயர்த்துச் சொன்னாள். உண்மையாகவே ஆறு வருடம் அங்கே காப்பகம் நடத்தியிருக்கிறார். புதுக் கட்டடமாம், நைட்ரஜன் ஒவ்வோர் அறைக்கும் குழாயில் வந்துவிடுமாம், குழாயைத் திறந்தால் போதும். குடுவையை லிஃப்டில் ஏற்ற வேண்டிய தேவையே அவர்களுக்கு வந்ததில்லை. "எங்களுக்கு யாரும் சொன்னதே இல்லையே," என்றாளாம் அந்தப் பெண்.

ஆக, அவர் சொன்னது பொய் இல்லை. என் பரீட்சை நல்ல பரீட்சைதான், ஆனால் குழாய் வைத்த ஊர்க்காரர்களுக்குச் செல்லாது. தப்பை ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. சாவுக்கு இரட்டைப்படையில்தான் பூ வைக்க வேண்டும், அப்படியே எண்ணி வாங்கிக் குழிமேட்டில் வைத்தேன். மற்ற எல்லாரும் வைத்ததைவிட என்னுடையதுதான் பெரிய கொத்து. அவர் மச்சான்கூட வந்து கைகுலுக்கினான். துக்கத்தில் அணுமின் நிலையம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நல்ல பையன்.

இப்போது மேஜைமேல் அதை எடுத்து வைக்கிறீர்கள். ஆமாம், அந்த முக்கோணச் சாவி என்னுடையதுதான். என் கொத்தில்தான் இருக்கும். லிஃப்ட் ஓடும்போது மாடிக் கதவின் மேலே இருக்கும் துளையில் அதைப் போட்டு ஒரு திருப்பு திருப்பினால், கூண்டு எங்கே இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். திருப்பின கையை விடாமல் பிடித்திருந்தால் நகரவே நகராது. விட்டுவிட்டால் கிளம்பிவிடும், அதனால்தான் நான் அங்கேயே நின்றேன் என்று சொன்னது. கை வலித்தது. மணிக்கட்டு இன்னும் சரியாகவில்லை.

பழுது பார்க்க வந்தவன் இதை உங்களிடம் சொல்லியிருப்பான். அவன் பெயர் ஸ்தமென், இடது காது கொஞ்சம் மந்தம். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது அவனுக்கு, எனக்கும்தான். ஒரே பட்டறையில் பதினோரு வருடம் இருந்தோம். லிஃப்ட் பராமரிப்பு. அரசு நிறுவனம்தான், வடமேற்கேதான், நான் பார்த்ததும் பாதுகாப்பு வேலைதான். சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. வேண்டுமானால் கலீனாவைக் கேளுங்கள், அணுமின் நிலையம் என்று நான் என் வாயால் சொல்லி யாராவது கேட்டிருக்கிறார்களா என்று. முன்பு எங்கே இருந்தோம் என்பதில் பொய் சொல்கிறவர்களை எனக்கு எப்போதுமே ஆகாது, ஐயா.