பூப்போட்ட பெட்ஷீட்

சமாதானம் என்று சொல்லி யாழ்ப்பாணப் பாதையைத் திறந்திருந்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். பஸ்ஸில் தமிழ் கதைக்கிறவர்கள் அப்போதும் குரலைத் தணித்துத்தான் கதைப்பார்கள். அவர்களில் மூத்தவர், ஐம்பது வயதிருக்கும், தணிக்கவில்லை.

"வெள்ளை பெட்ஷீட்டால மட்டும் சுத்தாதேங்கோ அக்கா," என்றார் இளையவர். "காருக்கு மேல பிரேதம் கிடக்குது எண்டு நினைப்பாங்கள்."

"அப்ப பூப்போட்டதால சுத்துறன். யாழ்ப்பாணம் போய்ச்சேர முன்னம் வன்னிப் புழுதி செயினுக்குள்ள போனா என்ர மவுண்டன் பைக் முடிஞ்சுது. அதுதான் கிறீஸையும் துடைச்சு எடுத்துப்போட்டன். கிறீஸ் கிடந்தாப் புழுதி அப்பிக்கொள்ளும்."

"பொலித்தீனால சுத்துங்கோவன்."

"காத்துக்குக் கிழிஞ்சு போகும்."

"செக்பொயின்ற்றில அவிழ்க்கச் சொல்லுவாங்கள்."

"அவிழ்ப்பன்."

"அடுத்ததிலயும் சொல்லுவாங்கள்."

"அங்கயும் அவிழ்ப்பன். காட்டிப்போட்டு, அவங்களுக்கு முன்னாலேயே ஆறுதலாத் திரும்பச் சுத்துவன். பாத்துக்கொண்டு நிக்கட்டும்."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"மெல்லக் கதையுங்கோ அக்கா," என்று இளையவர் குனிந்தார். "ஊரில இறக்கினாப்பிறகு நீங்கள் புழுதியிலதானே சைக்கிள் ஓடப்போறீங்கள்? பிறகேன் இந்தப் பாடு?" என்று கேட்டார்.

அக்கா அதே குரலில்தான் சொன்னார்.

"அது நான் மிதிச்சுக் கிளப்புற புழுதி. இது அவங்கள் என்னை மறிச்சு நிக்கவைச்சுப் பூசுற புழுதி. ரெண்டும் ஒண்டோ?"