திரையில் வந்த புள்ளி

காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். "வர்றது கிழவனா எருமையான்னே தெரியலையாம், அண்ணி" என்று இளையவள் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது.

அவள் கணவன் பட்டாளத்தில், எல்லையில் ரேடார் திரை பார்க்கிறவன் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மூத்தவள் அவனுடைய அக்கா.

"ரேடார்ல எல்லாம் தெரியும்னானே தம்பி?"

"புள்ளிதான் அண்ணி தெரியும். பனியில கேமராவும் வேலை செய்யல. வேலியைப் பாத்து ஒரு புள்ளி வந்துக்கினு இருந்துச்சாம். ஆளா மாடான்னு இவருதான் சொல்லணும். பக்கத்துல இருந்தவங்க அவசரப்படுத்தறாங்க."

"என்னா சொன்னான்?"

"'ஆளுதான். ஆனா எதையோ தேடறாப்ல நின்னு நின்னு வருது. சுட்டுடாதீங்க, கிட்ட போய் பாருங்க'ன்னாராம். போய்ப் பாத்தா, எருமையைத் தேடி வந்த காது கேக்காத கிழவன். டீ குடுத்து அனுப்பினாங்களாம்."

"நல்லபடியாதானே முடிஞ்சுது?"

"அன்னிலேர்ந்து இவருக்குத் தூக்கமே இல்ல. 'அடுத்த தபா கிட்ட போய் பாருங்கன்னு நான் சொல்லி, நம்ம பசங்க செத்துட்டா?'ன்னு கேக்கறாரு. வேற டியூட்டி கேளுங்கன்னேன். 'என் எடத்துல உக்கார்றவன் இவ்ளோ பொறுமையா பாப்பானா?'ன்றாரு."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்னாமா சொன்ன?"

"நீங்களே உக்காருங்கன்னுட்டேன், அண்ணி. போனை வெச்சதுலேர்ந்து எனக்கும் தூக்கம் இல்ல."