இரண்டாவது சுவிட்ச்

ஒரு வேலைக்கு இரண்டு சுவிட்ச் இருப்பது எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் சார். கிருபாகரனின் மரணத்தை விசாரிக்க வந்தீர்களே, அன்றே சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. 'விபத்து, காரணம் வயரிங் கோளாறு' என்று எழுதிக்கொண்டு போய்விட்டீர்கள்.

சேக்காட்டு ஃப்ளாட்டுக்குக் குடிவந்த பிறகுதான் அந்தப் பெட்டியைக் கட்டினேன். முன்பு வீடியோ கேம் கடைகளில் ஆள் உயரத்துக்கு நிற்குமே, அதே மாதிரி. உள்ளே கம்ப்யூட்டர், திரை, ஸ்பீக்கர், நெற்றியில் விளக்குப் பலகை. கம்ப்யூட்டர் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் அத்தனையும் எரியும், இன்னொரு தட்டில் அத்தனையும் அணையும். அதற்கு ஏழு மாதம் உழைத்தேன். சுவர் பிளக்கை யாரும் தொடக்கூடாது என்று பெட்டியை அதன்மேலேயே ஒட்டி நிறுத்தினேன். கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகும்படி ஒரு செட்டிங்கும் வைத்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கிருபா கீழ் வீட்டுக்காரன், பக்கத்து அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவன். அவன் மகள் நிஷாவுக்கு எட்டு வயது. தினமும் சாயங்காலம் என் பெட்டியில் விளையாட வருவாள், சில நாள் அவனும் கூட ஆடுவான். ஒருநாள் பெட்டியைத் தொட்டதும் கையில் சுருக்கென்றது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். ஈரக் கையோடு தொட்டிருப்பாள். பொங்கலன்று மொட்டை மாடியில் எல்லாக் குடும்பங்களும் இருக்கும்போது கிருபா ஆரம்பித்தான்.

"இன்னா மச்சான், ஒத்த சுவிட்ச்சு ஒத்த சுவிட்ச்சுனு பீத்திக்கினு கீற? கொயந்தைங்க கை வைக்கிற எடம்டா. தனியா ஒரு மெயின் சுவிட்ச் வெய்யி."

எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு 'ஒத்த சுவிட்ச்' என்றே பெயர். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை என்று பேப்பரில் வந்திருந்தது. மதியம் கிருபா ஒரு சிவப்பு சுவிட்சைக் கவரோடு எடுத்துக்கொண்டு மேலே வந்தான்.

"நீ குந்து மச்சான், நானே மாட்டிக் குடுத்துட்றேன். பாப்பா ஆடும்போதெல்லாம் எனக்குப் பக்கு பக்குனு கீது."

பிளக்கைப் பிடுங்கப் பெட்டியை நகர்த்தலாமா என்றான். கரண்டே இல்லையே என்றேன். பக்கப் பலகையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டான்.

"கரண்ட் எத்தினி மணிக்கு வரும்?"

"அஞ்சு மணின்னு பேப்பர்ல போட்டிருக்கு."

பொய்யில்லை. எங்கள் லைனுக்கு இரண்டு மணிக்கே வந்துவிடும் என்று லைன்மேன் காலையில் சொன்னது வேறு விஷயம். கிருபா பேப்பரை நம்பினான்.

ஒன்று ஐம்பதுக்கு டீ போடப் போனேன். பால் பொங்கும்போது ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தது. கரண்ட் வந்து பதினோரு நொடி கழித்துத்தான் பெட்டியின் தொடக்க இசை வரும். அதற்குள் ஹாலிலிருந்து "மச்" என்று பாதிச் சொல் கேட்டது. வீட்டு மெயின் சுவிட்ச் சமையலறை வாசலில்தான் இருக்கிறது, கை நீட்டினால் எட்டும். நான் இரண்டு டம்ளரிலும் சர்க்கரை போட்டுக் கலக்கினேன். இசை வந்தது. அப்புறம் போனேன்.

அவன் மனைவி கனிமொழி ஒன்றுதான் கேட்டாள். "சுவிட்ச் ஆஃப்லதான இருந்துச்சுண்ணா?"

ஆமாம்மா என்றேன். அதுவும் பொய்யில்லை.

இப்போது கரண்ட் போனாலே பயமாக இருக்கிறது, சார். திரும்பி வந்ததும் முதலில் ஃபிரிட்ஜ் ஓடுகிறது. பிறகு அந்தப் பதினோரு நொடி. காதைப் பொத்தினாலும் "மச்" கேட்கிறது. இசை முடிந்ததும் திரையில் ஸ்கோர் பட்டியல் வருகிறது. முதல் பெயர் அவனுடையது. அந்த செட்டிங்கை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் மாற்றினால் நான் வைத்தது தப்பு என்று ஆகிவிடும்.

கிருபாவைக் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். வயரிங் கோளாறு என்று எழுதியதை மட்டும் அடித்துவிடுங்கள். என் பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. நான் நினைத்தபடிதான் அது வேலை செய்தது.

அப்பா பெயரைத் திரையில் பார்க்க வேண்டும் என்று நிஷா அழுகிறாளாம். சனிக்கிழமை கூட்டி வரட்டுமா என்று கனிமொழி கேட்டாள். தாராளமாக என்றேன். அந்தச் சிவப்பு சுவிட்ச் கவர்கூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. அதற்கு அவசியம் இருப்பதாக எனக்கு இன்னும் தோன்றவில்லை.