வால்டர் ஐயா என்னைக் கடத்தவில்லை

டெக்சாஸ் மாநிலம், மில்பர்ன் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தில் 1987 ஜூலை 17 வெள்ளிக்கிழமை மாலை பதிவு செய்த வாக்குமூலம். சாட்சிக்கு ஆங்கிலம் போதாததால், இவ்வூர் மருத்துவமனையில் பணிபுரியும் டாக்டர் பத்மநாபன், சாட்சி சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி ஆங்கிலத்தில் பெயர்த்துத் தருகிறார்.

பெயர் ஜோசபின் ஞானபாய். வயது 54. கணவர் பெயர் சுந்தர்சிங். தொழில் பள்ளியில் தையல் ஆசிரியை. ஊர் நாகர்கோவில். தற்போது தங்கியிருப்பது ஹூஸ்டனில் தம்பி சாந்தகுமார் வீடு.

நான் மே மாதம் விசிட்டர் விசாவில் என் தம்பி வீட்டுக்கு வந்தேன். தம்பி இங்கே இன்ஜினியராக இருக்கிறான். என் தங்கை ஜெயகுமாரி ஜெர்சி சிட்டியில் நர்ஸ். இவர்கள் இருவரும் அமெரிக்கா வந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு கிறிஸ்மஸ்கூடக் கொண்டாடியதில்லை. டிசம்பரில் ஜெயகுமாரிக்கு லீவு கிடைக்காது, எனக்கோ செப்டம்பரோடு விசா முடிகிறது. ஆகவே ஜூலையிலேயே கிறிஸ்மஸ் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். இயேசு சாமி பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை, கூடப்பிறந்தவர்கள் கூடுகிற நாள்தான் கிறிஸ்மஸ் என்று சொன்னது நான்தான். அதிகாரி இதை மூன்றாவது தடவையாகக் கேட்பதால் விவரமாகச் சொல்கிறேன். எனக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது.

ஏரிக்கரையில் ஒரு முகாமில் இடம் பிடித்து, கட்டிலும் அடுப்பும் உள்ள மோட்டார் ஹோம் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஜெயகுமாரி குடும்பமும் தம்பி குடும்பமும் நானுமாக இன்று காலை ஹூஸ்டனிலிருந்து புறப்பட்டோம். முறுக்கும் அச்சப்பமும் நான் முந்தின நாளே சுட்டு டின்னில் அடைத்திருந்தேன். வாசலில் கட்டுகிற காகித நட்சத்திரத்தை ஊரிலிருந்தே மடித்துக் கொண்டுவந்து என் கைப்பையில் வைத்திருந்தேன். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் எனக்கு வாந்தி வந்தபடியால் ஜெயகுமாரி ஒரு மாத்திரை கொடுத்தாள். அதைப் போட்டால் தூக்கம் தூக்கமாக வரும்.

மத்தியானம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினோம். எங்கள் வீட்டில் யாரும் செருப்போடு வீட்டுக்குள் போவதில்லை. மோட்டார் ஹோமும் வீடுதானே என்று நான் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆகையால் எல்லோரும் இறங்கிச் சாப்பிட்டு, படிக்குக் கீழே வரிசையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, திரும்ப உள்ளே ஏறிக்கொண்டார்கள். நான் மட்டும் கைப்பையோடு கழிப்பறைக்குப் போனேன். அதன் பிறகு, வெயில் தாங்கவில்லை என்று தம்பி வண்டியை நகர்த்தி, கொஞ்ச தூரத்தில் இருந்த மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறான். உள்ளே இருந்த யாருக்கும் கீழே கிடந்த செருப்பு ஞாபகம் வரவில்லை. அதன் பிறகு அந்தக் காலி இடத்தில், என்னைக் கடத்தியதாக நீங்கள் பிடித்து வைத்திருக்கிற வால்டர் ஐயா தம்முடைய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அவரும் கழிப்பறைப் பக்கம் போயிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

நான் திரும்பி வந்தபோது அதே இடத்தில் ஒரு வெள்ளை வண்டி, அதே காப்பிக் கலர் கோடு, படிக்குக் கீழே எங்கள் செருப்புகள் வரிசையாக. தம்பி பெண்டாட்டியின் ஹீல்ஸ் செருப்பு உட்பட எல்லாம் இருந்தது. நான் வண்டியைப் பார்க்கவில்லை, செருப்பைத்தான் பார்த்தேன். என்னுடையதையும் வரிசைக் கடைசியில் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். உள்ளே அமைப்பெல்லாம் எங்கள் வண்டி மாதிரியே. திரை போட்டு இருட்டாக இருந்தது, தலை வேறு சுற்றியது, பின்னால் இருந்த கட்டிலில் படுத்துத் திரையை இழுத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். வண்டி கிளம்பியது எனக்குத் தெரியாது. வால்டர் ஐயா டிரைவர் பக்கத்துக் கதவு வழியாக ஏறியவர். செருப்பு கிடந்தது மறுபக்கம். அவருக்கு எதுவும் தெரிய வழியில்லை.

விழித்துப் பார்த்தபோது ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் காணோம். எங்கள் வண்டியைத்தான் திருடிக்கொண்டு போகிறார் என்று நினைத்து, கைக்குக் கிடைத்த தோசைக்கல் மாதிரியான ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அப்போதுதான் மேஜைக்கு மேலே ஒரு அம்மாளின் போட்டோ மாட்டியிருந்ததைப் பார்த்தேன். முறுக்கு டின்னும் இல்லை. வண்டி மாறி ஏறிவிட்டோம் என்று அப்போது விளங்கியது. சட்டியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு இருமினேன். அவர் திரும்பிப் பார்த்து, பயத்தில் வண்டியை ரோட்டோரம் இறக்கி நிறுத்திவிட்டார்.  

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பிரதர், சிஸ்டர், கிறிஸ்மஸ் என்று சொன்னேன். அவர் வெளியே வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதன் பிறகு நான் நட்சத்திரத்தை எடுத்து விரித்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி, மடிப்பு கிழியாமல் முழுவதும் விரித்து, வண்டியின் முன்பக்கக் கண்ணாடியில் சாய்த்து வைத்தார். நான் கீழே இறங்கி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கையைக் காட்டப் போனேன். தார் சுட்டது, துள்ளிவிட்டேன். என் காலைப் பார்த்த உடனே அவர் உள்ளே போய், அலமாரியிலிருந்து பெண்கள் போடுகிற நீலநிறச் செருப்பு ஒரு ஜோடியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். போட்டோவைக் காட்டி, அதன் பிறகு மேலே கையைக் காட்டினார். அந்த அம்மாள் செத்துப்போய்விட்டார் என்று புரிந்துகொள்ள இங்கிலீஷ் வேண்டியதில்லை. அதன் பிறகு அவர் வண்டியைத் திருப்பி, வந்த வழியே ஓட்டினார். என்னை ஒப்படைக்கத்தான் வந்துகொண்டிருந்தார்.

இதற்கிடையில் தங்கை மகள் ரூத் செருப்பு எடுக்க ஓடியிருக்கிறாள். வண்டி ஒன்று போவதையும் அங்கே மற்றவர்கள் செருப்போடு என் செருப்பும் கிடப்பதையும் பார்த்து, "மாம், தட் மேன் டுக் பெரியம்மா" என்று கத்தியிருக்கிறாள். தம்பி போலீசுக்குப் போன் பண்ணியிருக்கிறான். அவன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

பாதி வழியில் போலீஸ் கார்கள் மறித்தன. வால்டர் ஐயாவைக் கீழே இறக்கி, அந்தத் தாரிலேயே முட்டி போடச் சொல்லி விலங்கு மாட்டினார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், அவரால் முட்டி போடவே முடியவில்லை. நான் நோ நோ என்று அழுதேன். ஒரு போலீஸ் அம்மாள் என்னைக் கட்டிப்பிடித்து முதுகைத் தடவிக் கொடுத்தார். நான் அழுதது எனக்காக என்று நினைத்துக்கொண்டார், பாவம். வண்டியில் பெண்களுடைய உடுப்பு இருந்தது, அது யாருடையது என்று அதிகாரி சந்தேகமாகக் கேட்கிறார். செத்துப்போன மனைவியின் சேலையை ஒரு மனிதன் அலமாரியில் வைத்திருப்பது எங்கள் ஊரில் குற்றமில்லை. இங்கேயும் இருக்காது என்று நம்புகிறேன்.

இந்த அலுவலக வாசலில் தம்பி என்னிடம், "அக்கா, உங்களுக்கு எதுவும் ஞாபகம் இல்லன்னு மட்டும் சொல்லுங்க. கம்ப்ளெயின்ட் தப்புன்னு ஆச்சுன்னா என்னைய பிடிச்சுக்குவாங்க. நான் சிட்டிசன்ஷிப் அப்ளை பண்ணியிருக்கேன்" என்றான். அவனை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவன் பயம் எனக்குத் தெரியும், அதனால் கோபப்படவில்லை. "உன் செருப்ப மறந்ததுக்கு அந்த மனுஷன் ஜெயில்ல கெடக்கணுமாலே?" என்று மட்டும் கேட்டேன்.  பிறகு அவனே டாக்டரைக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வெளியே போனான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் பொய்ப் புகார் கொடுக்கவில்லை, அக்காவைக் காணோமென்று பதறிக் கொடுத்தான்.

வால்டர் ஐயா என்னைத் தொடவில்லை, மிரட்டவில்லை, என்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. நட்சத்திரத்தை நானாகத்தான் கொடுத்தேன். அவரை விடும்படி கேட்டுக்கொள்கிறேன். நாளை நாங்கள் கிறிஸ்மஸ் கொண்டாடும் இடத்துக்கு அவரும் வரவேண்டும் என்று டாக்டர் அவரிடம் சொல்ல வேண்டும்.

என் செருப்பு சாட்சிப் பொருளாக ஒரு பையில் இருப்பதாகச் சொன்னார்கள். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நான் காலில் போட்டிருப்பது அவர் மனைவியினுடையது. இதை அவர் கையில்தான் கொடுப்பேன். அவர் வெளியே வருகிற வரைக்கும் இந்த பெஞ்சிலிருந்து எழுந்திருக்க மாட்டேன்.

இவ்வளவும் நான் என் வாயால் சொன்னது, டாக்டர் படித்துக் காட்டக் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஜோசபின் ஞானபாய்

எழுதியவர்: டாக்டர் பத்மநாபன். ஒப்பமிட்ட பின்னும் சாட்சி பெஞ்சிலேயே இருக்கிறார்.